ரிவர்ஸ் சோதனைக் குழுவின் நேர்மை

இந்த உலகத்தில் நீதி எங்காவது மிச்சம் இருந்தது என்றால், அது தண்டையார்பேட்டை 'தோஸ்த் பூல் கிளப்'பின் ரிவர்ஸ் சோதனைக் குழுவில்தான். வெள்ளைப் பந்து எதிர்ப் பந்தில் மோதிவிட்டு, அடித்தவரிடமே ஒரு சாணாவது திரும்பி வர வேண்டும். அதற்குப் பெயர் ரிவர்ஸ். ஸ்டிக்கின் முனையில் தோல் சரியாக ஒட்டியிருந்தால்தான் அது வரும். வராத ஸ்டிக்கைக் குழு மன்னித்ததே இல்லை.

அன்று இரண்டு ஸ்டிக்குகள் சோதனைக்கு வந்தன. ஒன்றின் முனையில் தோல் ஒட்டியவள் சாபிரா. ஆறு வருடமாகக் கிளப்புக்கு அவள்தான் தோல் ஒட்டுகிறாள், தரையும் துடைக்கிறாள். மற்றது தலைவர் திருமலையின் மச்சான் செங்குட்டுவன் ஒட்டியது. தேறியவருக்கே இனி ஒட்டும் வேலை. அது போனால் சாபிராவுக்குத் தரை மட்டும்தான்.

"மச்சான், நீ ஃபேனாண்ட நின்னு அடி. புழுக்கமா கீது" என்றார் தலைவர்.

செங்குட்டுவன் அடித்தான். பந்து மோதி, நின்று, கொஞ்சம் யோசித்து, மரியாதையாக அவனிடமே உருண்டு வந்தது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாபிரா மேசையின் எதிர்முனையில், வாசல் பக்கம் நின்று அடித்தாள். பந்து வேகமாகத் திரும்பப் பார்த்தது. பாதியில் மனம் மாறி ஃபேன் பக்கமே போய்விட்டது.

"இன்னா சாபிராம்மா, உன்னாண்ட வர்றதுக்குப் பந்துக்கே பேஜாரா கீது போல."

"காலைல நான் மேசை தொடைக்கிறப்பவே பந்தெல்லாம் ஃபேனாண்ட ஓடுச்சு, தலைவரே. மேசை சாஞ்சிகீது. நானும் அங்க நின்னு அடிக்கிறேன்."

"ஃபேன் பக்கம் விருந்தாளிக்கும்மா. நீ நம்ம வூட்டு ஆளு."

இந்தப் பாசத்தில் சாபிரா நெகிழ்ந்துபோனாள். ஸ்டிக்கை வைத்துவிட்டு, மாப்பைத் தலைகீழாகப் பிடித்து, ஃபேன் பக்கம் போய் அடித்தாள். பந்து இரண்டு சாண் திரும்பி வந்தது.

குழு 'அவசரமாக'க் கூடி, ஆளுக்கு இரண்டு டீ குடித்து, பாரபட்சமின்றித் தீர்மானித்தது: மாப் குச்சி முதல் தரம். செங்குட்டுவனின் ஸ்டிக் இரண்டாம் தரம். சாபிராவின் ஸ்டிக் 'தகுதியற்றது'. தோல் ஒட்டும் வேலையும், ஒரு டஜன் மாப் குச்சி வாங்கித் தரும் பொறுப்பும் செங்குட்டுவனிடம் ஒப்படைக்கப்பட்டன.

"மாப்புக்குத் தோல் எங்க மாமா ஒட்டறது?" என்றான் அவன்.

"சாபிராவக் கேட்டுக்கோ."

எல்லோரும் கைதட்டிக் கலைந்தார்கள். தலைவர் வேட்டி மடிப்பிலிருந்து சின்ன மரத்துண்டு ஒன்றை எடுத்து சாபிராவின் கையில் வைத்தார்.

"நாளைக்கு மேட்ச் கீதும்மா. இத்த ஃபேனாண்ட மேசைக் காலுக்குக் கீழ பழையபடி சொருவிடு. டெஸ்ட்டுக்காகத்தான் எடுத்து வெச்சேன்."