லிஃப்ட் மெக்கானிக் மலை ஏறினார்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு உயரம் என்றால் பயம். இந்த ரகசியத்தைப் பத்தொன்பது வருஷமாக ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாமல் காப்பாற்றி வந்தார்.

அப்படிப்பட்ட ஆள் எப்படி இந்த வேலை பார்க்கிறார் என்று கேட்பீர்கள். தாராளமாகப் பார்க்கலாம். லிஃப்ட் ஏறி இறங்குகிற அந்தக் கூண்டுச் சுவருக்குள் நல்ல இருட்டு. பெட்டியின் தலைமேல் நின்று டார்ச் அடித்தால், வெளிச்சம் விழுகிற ஒரு முழம்தான் உலகம். ரோப்பைத் தடவிப் பார்ப்பார், பிரேக்கைப் பார்ப்பார், கிரீஸ் வைப்பார். பன்னிரண்டாவது மாடியிலேயே நின்றாலும் பள்ளம் கண்ணில் படாது. கண்ணில் படாத பள்ளத்துக்கு அவர் பயந்ததே கிடையாது. பட்டுவிட்டால்தான் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்.

இப்படி ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் எட்டாவது மாடி வந்து குறுக்கே நின்றது.

அவர் மனைவி வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுத் துணி தைக்கிறவள். குடியிருப்பது தரைத்தளம். ஹால் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். பட்டப்பகலில் டியூப் லைட் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோக்க வேண்டும். நூல் நிறம் பொருந்துகிறதா என்று பார்க்கத் துணியையும் நூலையும் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடுவாள். போன மாதம் மழை என்று ஓடவில்லை. ஒருத்தியின் கருநீல ஜாக்கெட் முழுக்கக் கறுப்பு நூலில் தைத்துவிட்டாள். பிரித்துப் பிரித்து மறுபடி தைத்த அன்றைக்கு அவள் அழுதேவிட்டாள். மெக்கானிக்குக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

இரண்டு தெரு தள்ளி எட்டாவது மாடியில் ஒரு வீடு காலியாக இருந்தது. மூன்று பக்கம் ஜன்னல். பெரிய பால்கனி.

"என்னங்க, ஒரு தடவை வந்து பாருங்களேன். வீடு முழுக்க வெளிச்சம் கொட்டிக் கிடக்கு."

"எட்டாவது மாடிக்கெல்லாம் தண்ணி ஏறாது."

"ஏறுது. நான் குழாயத் தொறந்தே பாத்தேன்."

"காத்து ஜாஸ்தி. துணியெல்லாம் பறந்துடும்."

"கிளிப் போடுவேன்."

"இங்க பாரு, நாள் பூரா நான் லிஃப்டோட குடித்தனம் பண்றேன். வீட்டுக்கு வந்தும் லிஃப்டா? எனக்குன்னு ஒரு நிம்மதி வேணாமா?"

அவள் விடவில்லை. வீட்டைப் பார்க்க வரச்சொல்லி இரண்டு முறை நாள் குறித்தாள். முதல் முறை அவருக்கு வயிற்றுவலி. இரண்டாவது முறை கால்வலி. மூன்றாவது முறை அவள் கூப்பிட்டது வேறு இடத்துக்கு.

"வர்ற ஞாயித்துக்கிழமை மலைக்குப் போயிட்டு வருவோமா? சின்ன வேன். மொத்தமே எட்டு பேரு. கைடு கூடவே வந்து எல்லாத்தையும் காட்டுவாங்களாம். காலைல போயிட்டு சாயங்காலம் வந்துடலாம். இல்ல, மலைக்கும் தண்ணி ஏறாதா?"

அந்தக் கடைசிக் கேள்வி மெக்கானிக்கைச் சுருக்கென்று குத்தியது. சந்தேகப்படுகிறாளோ? அன்றைக்கு ராத்திரி படுத்தபடியே யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். மலைக்குப் போவது. ஒரு துளி பயத்தையும் காட்டாமல் சிங்கம் மாதிரி திரும்பி வருவது. அதற்கப்புறம் எட்டாவது மாடி வேண்டாம் என்று அவர் சொன்னால், அது பயம் இல்லை, ஒரு தொழில்காரனின் கருத்து. யாரால் மறுத்துப் பேச முடியும்?

சிங்கம் முதல் வேலையாகக் கைடுக்குப் போன் போட்டது.

"ஏம்மா, மலை ஏறும்போது பள்ளம் எந்தப் பக்கம் வரும்?"

"ஏற ஆரம்பிக்கும்போது இடது பக்கம் சார். வியூ சூப்பரா இருக்கும். உங்களுக்கு இடது பக்க சீட் வைக்கட்டுமா?"

"வேணாம் வேணாம். அது என் வீட்டம்மாவுக்கு. எனக்கு வலது பக்கம் போதும். அவ பாக்கட்டும், பாவம்."

கைடு உருகிப்போனாள். உங்களை மாதிரி ஒரு கணவரை நான் பார்த்ததே இல்லை என்றாள். மெக்கானிக்கும் ஆமாம் என்று ஒப்புக்கொண்டார்.

இங்கேதான் அவர் கோட்டை விட்டார். அவரைக் குறை சொல்லியும் பயன் இல்லை. பத்தொன்பது வருஷமாக அவர் மேலே போனதெல்லாம் நேர்க்கோட்டில். லிஃப்டுக்கு மேலே தெரியும், கீழே தெரியும், திரும்பத் தெரியாது. மலைப்பாதை திரும்பும் என்பது அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வேன் கிளம்பியது. மெக்கானிக் வலது ஜன்னலில் மலைச்சுவரைப் பார்த்தபடி சொகுசாக உட்கார்ந்திருந்தார். பாறை, செடி, மறுபடி பாறை. மனசுக்கு ரொம்ப இதமாக இருந்தது. எதிர் வரிசையில் ஒரு பல் டாக்டர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பூப்போட்ட தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷன். ஏறியதிலிருந்து மெக்கானிக்கையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. வேன் திரும்பியது. பாறை இடது பக்கம் போய்விட்டது. மெக்கானிக்கின் ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. வெகு கீழே, தீப்பெட்டி அளவில் ஒரு வீடு இருந்தது.

அவர் விசுக்கென்று எழுந்து இடது பக்கம், மனைவிக்குப் பின்னால் காலியாக இருந்த சீட்டில் போய் விழுந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"அங்க வெயில்."

இரண்டாவது வளைவு. பள்ளம் இடது பக்கம் வந்தது. மெக்கானிக் எழுந்து வலது பக்கம் போனார்.

"இப்ப என்ன?"

"இங்க காத்து வரல."

மொத்தம் பதினான்கு வளைவு. பதினான்கு முறையும் மனுஷன் எழுந்தார், உட்கார்ந்தார். ஏழாவது வளைவில் பல் டாக்டரின் காலை மிதித்தார். ஒன்பதாவதில் கைடு பெண்ணின் மைக் வயரில் சிக்கிக்கொண்டார். வேனில் எல்லோரும் அவரையே பார்க்க ஆரம்பித்தார்கள். மானம் கப்பலேறப் போகிற நேரத்தில் டாக்டர்தான் கை கொடுத்தார்.

"ரெண்டு பக்கமும் ரசிக்கணும்னு நினைக்கிறாரு போல. சரியான ரசிகர் சார் நீங்க."

"அதேதான் டாக்டர். ஒரே பக்கம் பாத்துட்டு வர்றதுக்கு எதுக்கு மலை?" மெக்கானிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"உயரம்னா உங்களுக்கு ரொம்பப் பிடிக்குமோ?"

"உயரமா? எனக்குச் சோறு போடுறதே உயரம்தான் சார்."

முன் சீட்டில் மனைவியின் தோள் லேசாகக் குலுங்கியது. வண்டி ஆட்டமாக இருக்கும் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

காட்சி முனையில் எல்லோரும் கம்பிவேலிப் பக்கம் ஓடினார்கள். பச்சைப் பசேலென்று பள்ளத்தாக்கு, அதற்குள்ளே நூல் மாதிரி ஒரு ஆறு, மேலே மேகத்தின் நிழல் ஊர்ந்து போவது என்று கைடு பெண் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மெக்கானிக் வேனுக்கு அந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்து சக்கரத்து நட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். கேட்டவர்களிடம் பாதுகாப்புச் சோதனை என்றார்.

மனைவி அவரைத் தேடிக்கொண்டு வந்தாள். கைப்பையிலிருந்து இரண்டு நூல்கண்டுகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது கருநீலம். இது கறுப்பு. எவ்ளோ சுலபமாத் தெரியுது பாருங்க."

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மெக்கானிக்குக்கு வெட்கமாக இருந்தது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தார். அதற்குள் கைடு பெண் கையைத் தட்டினாள்.

"அடுத்தது ரோப் கார். இங்கேருந்து கம்பியில தொங்கிட்டே பள்ளத்தாக்கத் தாண்டி அந்த உச்சிக்குப் போறோம்!"

மெக்கானிக் சக்கரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆனால் மூளை வேலை செய்தது. ரோப்பா? அது நம்ம இலாகா ஆச்சே. குறை கண்டுபிடித்து நிறுத்திவிட்டால் ஆயிற்று. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார்.

"ஒரு நிமிஷம்மா. நான் இந்தத் தொழில்ல இருக்கிறவன். ரோப்பையும் மிஷினையும் என் கண்ணால பாக்காம யாரையும் ஏற விடமாட்டேன். உயிர் சமாச்சாரம்."

வேண்டாம், போங்க என்று சொல்லுவார்கள் என்று எதிர்பார்த்தார். ரோப் கார் ஆபரேட்டரோ, தங்கையைப் பெண் பார்க்க வந்தவரை வரவேற்பது போல உள்ளே கூட்டிக்கொண்டு போனார். மிஷின் அறை அரையிருட்டு. கிரீஸ் வாசனை. மெக்கானிக்குக்கு அன்றைக்குத்தான் மூச்சே சீராக வந்தது. டார்ச்சை வாங்கி ரோப்பைப் பார்த்தார். ஒரு பிசிறு இல்லை. பிரேக்கைப் பார்த்தார். போன வாரம் மாற்றிய கட்டை. எண்ணெய் போட்ட தேதியெல்லாம் சுவரில் முத்து முத்தாக எழுதியிருந்தது.

ஒரே ஒரு பொய் சொல்ல வேண்டும். 'ரோப் தேஞ்சிருக்கு' என்று சொன்னால் போதும், தப்பித்தார். வாயைத் திறந்தார். வெளியே வந்தது இதுதான்:

"பிரமாதமா வச்சிருக்கீங்க தம்பி. நானும் நூறு மிஷின் பாத்திருக்கேன். இப்படி ஒரு பராமரிப்பப் பாத்தது இல்ல."

பயத்தைப் பற்றி எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லுகிற மனுஷனுக்கு, நல்ல மிஷினைப் பற்றி ஒரு பொய் சொல்ல நாக்கு வரவில்லை. என்ன செய்வது, தொழில் சுத்தம்.

ஆபரேட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப முதல் பெட்டி உங்களுக்குத்தான் சார்."

நாலு பேர் உட்காரும் கண்ணாடிப் பெட்டி. மெக்கானிக் ஏறினார். உட்கார்ந்தார். கண்ணை இறுக்க மூடினார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எதிரே டாக்டர் ஏறியபோது பெட்டி ஒரு ஆட்டம் ஆடியது. எங்கேயோ மோட்டார் உறுமியது. காற்று காதில் அடித்தது. மெக்கானிக்குக்கு உயிரே இல்லை.

"என்ன சார், கண்ண மூடிட்டீங்க?" டாக்டரின் குரல்.

"சத்தத்தக் கேக்குறேன் டாக்டர். கண்ண மூடினாத்தான் காது வேலை செய்யும். ஆகா, என்ன ஓட்டம் பாருங்க. துளி குலுக்கல் இல்ல. இவ்வளவு நைசாப் போற வண்டிய என் சர்வீஸ்லயே பாத்தது இல்ல."

டாக்டர் லேசாக இருமினார். "உங்களுக்குப் பயமே கிடையாதா?"

"பயமா? எதுக்கு?"

"எட்டாவது மாடில ஒரு வீடு குடுத்தா இருப்பீங்களா?"

"எட்டு என்ன எட்டு? பதினெட்டு குடுங்க, பால்கனியில பாய் போட்டுப் படுப்பேன்."

"பதினெட்டு எங்கிட்ட இல்ல சார். எட்டுதான் இருக்கு. உங்க வீட்டம்மா பாத்துட்டுப் போன வீடு என்னோடதுதான். முன்ன இருந்தவங்க பால்கனியப் பாத்துப் பயந்து ரெண்டே வாரத்துல காலி பண்ணிட்டாங்க. அதனால உங்க வாயால சரின்னு கேட்டாத்தான் தருவேன்னு அவங்ககிட்ட சொல்லியிருந்தேன். அவங்கதான் இந்த வேனுக்கு என்ன வரச்சொன்னாங்க. இன்னிக்குக் காதால கேட்டாச்சு. வர்ற மாசமே பால் காய்ச்சுங்க."

பெட்டி மறுபடி ஆடியது. டாக்டரின் குரல் அப்புறம் கேட்கவில்லை. மெக்கானிக் வசமாக மாட்டிக்கொண்டார். பயம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். காலையிலிருந்து அளந்த கதையெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. கடைசியில் மனைவியின் காதோரம் ரகசியமாகக் கேட்டார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"எது?"

"அதான்."

"கல்யாணமான மூணாவது வாரம். ஹால்ல பல்பு மாத்தணும்னு ஸ்டூல் போட்டேன். நான் ஏறினேன். நீங்க கீழ நின்னு ஸ்டூலப் புடிச்சீங்க. ஆனா உங்க கைதான் நடுங்குச்சு."

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

மெக்கானிக் அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "அந்த வீட்டுல நான் எப்படிம்மா இருப்பேன்?"

"உள்பக்கம் ஒரு ரூம் இருக்கு. ஜன்னலே கிடையாது. பகல்லயே கும்மிருட்டு. பாத்ததும் உங்களுக்குன்னு ஒதுக்கிட்டேன். ஒரு டார்ச்சும் வாங்கித் தர்றேன்."

கண்ணை மூடிக்கொண்டே அவருக்குச் சிரிப்பு வந்தது. பத்தொன்பது வருஷத்துப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. கெட்டிக்காரியைத்தான் கட்டியிருக்கிறோம் என்று தோன்றியது. பயம்கூடப் பாதி போய்விட்டது. இத்தனை பெரிய பள்ளத்தாக்கின் நடுவே இவ்வளவு நேரம் தொங்கிக்கொண்டு நிதானமாகப் பேசியிருக்கிறோமே, நாமும் லேசுப்பட்ட ஆள் இல்லை என்று கொஞ்சம் கர்வமும் வந்தது.

"சரி, பாதி தூரம் தாண்டியிருப்போமா?" என்றார்.

"மொதல்ல கண்ணத் தொறங்க. வண்டி இன்னும் கெளம்பவே இல்ல. டாக்டர் தொப்பிய எடுக்க வேனுக்குப் போயிருக்காரு."