நாவல் மரத்தடி மொய்

ஒரு காட்டில் வண்டிகள் பெருகிவிட்டன, நிறுத்தத்தான் இடமில்லை. சந்தைக்குப் பக்கத்தில் காலி இடம் வைத்திருந்தது பாக்கியம் என்ற முள்ளம்பன்றி மட்டும்தான். வளைக்கு முன்னால், நாவல் மர நிழலோடு நல்ல இடம். வளைதான் மோசம். கூரை ஒழுகியது. மழைக்குள் மாற்றாவிட்டால் குட்டி நனையும். அதனால் பாக்கியம் அந்த இடத்தை யானையின் ஜீப்புக்கு மாத வாடகைக்கு விட்டது.

வாடகை வாங்கிய மறுநாளே வரி அதிகாரி வந்து நின்றது. அது ஆமைதான், ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் படுவேகம்.

"வண்டி நிறுத்துற வாடகையும் வருமானம்தாம்மா. வரி கட்டணும்."

"வெறும் மண்ணு சார் அது. வண்டி சும்மா நிக்குது."

"நிக்கிறதுக்குத்தான் வரி."

"சொந்தக்காரங்க அன்பளிப்பா கொடுத்தா?"

"அதுக்கு இல்ல" என்றது ஆமை. வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம்.

பாக்கியம் நேரே யானையிடம் ஓடியது. "இனிமே நீங்க எனக்கு அண்ணன். வாடகை வேண்டாம். மாசாமாசம் விசேஷம் வைக்கிறேன், மொய்யா எழுதிடுங்க." கூடப்பிறந்தவர்கள் இல்லாத யானைக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் மாதம் குட்டிக்கு இடது காது குத்தினார்கள். அடுத்த மாதம் வலது காது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்தணும்? இரண்டு மாதமும் யானை மடியிலிருந்து முள் பிடுங்கிக்கொண்டே மொய் எழுதியது.

"யானை எப்படிம்மா உனக்கு அண்ணன்?" என்று கேட்டது ஆமை.

"ரெண்டு பேருக்கும் உடம்புல வெள்ளையா நீட்டிக்கிட்டு இருக்கே சார், பாத்தாலே தெரியல?"

ஆமை வெறுங்கையோடு திரும்பியது. பாக்கியத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் மாதம் குத்துவதற்குக் காது மிச்சமில்லை.

"அண்ணே, அந்த மொய்..." என்று இழுத்தது பாக்கியம்.

"விசேஷமே இல்லாம மொய்யா? ஊர் சிரிக்கும்" என்றது யானை.

"அப்போ வாடகையாவது..."

"தங்கச்சி வீட்டு வாசலுக்கு வாடகை கொடுத்தா என்னை ஒரு யானையா மதிப்பாங்களா? அது கிடக்கட்டும், அடுத்த வாரம் என் பொண்ணுக்குக் கல்யாணம். நீதான் அத்தை. வாங்கினதுக்கு மேல போட்டு எழுதணும், தெரியும்ல?"

கூரைக்கு வைத்திருந்தது அத்தனையும் மொய்யாகப் போனது. கல்யாணத்துக்கு வந்த யானைகளெல்லாம் "நம்ம அத்தை இடம்தானே" என்று நாவல் மரத்தடியிலேயே ஜீப்புகளை விட்டன. மழையும் வந்துவிட்டது. பாக்கியம் குட்டியை ஒரு ஜீப்புக்கு அடியில் படுக்கவைத்துவிட்டு, நனைந்தபடி வரி ஆபீசுக்கு ஓடியது.

"சார், எனக்கு வரி போடுங்க!"

"உனக்கு வருமானமே இல்லையேம்மா."

"அப்போ அவர் என் அண்ணன் இல்லைன்னாவது எழுதிக் கொடுங்க!"

"சொந்தத்தை ரத்து பண்ண எங்ககிட்ட ஃபாரம் கிடையாது" என்று சொல்லிவிட்டு, ஆமை ஒழுகாத தன் வீட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது.

நீதி: வரி அதிகாரி தன் பங்கை வாங்கிக்கொண்டு போய்விடுவார், பந்தியில் உட்கார மாட்டார். அண்ணன் வேண்டுமென்றால் அந்த அதிகாரியையே கேட்டுப் பாருங்கள்.