வாசல் வண்டியில் குடியேறிய கணவர்

பென்சில்வேனியா,
மார்ச் 29, இரவு வெகுநேரம்

மரியாதைக்குரிய லோரெய்ன் அத்தைக்கு, கேட்லின் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நானும் ஹேஸலும் வீட்டுக்குள் நலம். உங்கள் அண்ணன் மகன் ஜேரட் வீட்டுக்கு வெளியே நலம். அங்கே ஃப்ளோரிடாவில் ஸ்டான் மாமாவும் உங்கள் முழங்காலும் நலம்தானே.

ஏன் வெளியே என்று கேட்பீர்கள். முப்பது வருடம் ஊருக்கெல்லாம் வரிப் படிவம் நிரப்பிக்கொடுத்த உங்களைத் தவிர யாரிடம் சொல்வேன், அத்தை? ஹேஸல் வயிற்றில் இருந்தபோது எனக்குக் கிடைத்த மெடிகெய்டு, அதுதான் வருமானம் குறைந்தவர்களுக்கான அரசாங்க மருத்துவ அட்டை, அவளுக்கு ஒரு வயது நிறையும் அடுத்த மாதத்தோடு முடிகிறது. தொடரலாமா என்று பார்க்க ஜேரட்டின் சம்பளத்தைக் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பிரசவத்திலிருந்து இறங்காத என் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, இதய டாக்டர் எல்லாம் அந்த அட்டையில்தான். ஜேரட்டுக்கோ அரசாங்கச் சலுகையில் வாங்கிய வேறு காப்பீடு. இந்த நேரம் பார்த்து வரிப் படிவம். பியரோகிக் கொழுக்கட்டை கொடுக்க வந்த பக்கத்து வீட்டு டெபி, "ரெண்டு பேரும் ஒரே படிவத்துல கையெழுத்துப் போட்டுடாத கண்ணு. அவன் சம்பளம் உன் தலையில ஏறிடும், அட்டை போயிடும். என் தங்கச்சிக்கு அப்படித்தான் போச்சு" என்றாள். தங்கைக்குப் போனது ஓட்டுநர் உரிமம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதற்குள் நான் ஜேரட்டிடம் தனித்தனியாகப் போடுவோம் என்று சொல்லிவிட்டேன். நூலகத்தில் இலவசமாக வரி பார்க்கிறவரோ, "தனித்தனியாப் போட்டா உன் புருஷன் வாங்கின சலுகையைத் திருப்பிக் கட்டணுமேம்மா" என்கிறார். சரி, மெடிகெய்டு அலுவலகத்தையே கேட்போம் என்று ஃபோன் செய்து, ஐம்பது நிமிடம் பாட்டுக் கேட்டு, கடைசியில் ஓர் அம்மாள் கிடைத்தாள். "சேர்த்துப் போடுங்க, பிரிச்சுப் போடுங்க, அது எங்களுக்கு ஒண்ணுதான். புருஷன் பொண்டாட்டி ஒரே வீட்ல இருந்தா ரெண்டு சம்பளத்தையும் சேர்த்துத்தான் பார்ப்போம்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ஜேரட் எழுந்து தலையணையை எடுத்தான்.

"எங்க போற?"

"ஒரே வீட்ல இருந்தாத்தானே? நான் கேம்பர் வண்டியில இருந்துக்கிறேன்."

தேனிலவுக்குப் போனோமே, கட்டிலும் அடுப்பும் உள்ள அதே வண்டி; அன்றிலிருந்து வாசலில்தான் நிற்கிறது. பதினொரு நாளாக இந்தப் பனியில் அங்கேதான் தூங்குகிறான். குளிக்க வரும்போது அழைப்பு மணி அடிக்கிறான். "இது உன் வீடுதானே" என்றால், "மெதுவாப் பேசு, டெபி பார்க்கிறா" என்கிறான். நேற்று ஹேஸல் சன்னல் வழியாக, தபால்காரருக்கு ஆட்டுவதுபோல அவனுக்குக் கையாட்டினாள். பாதிரியார்கூட இல்லாமல், நீங்களும் மாமாவும் சாட்சியாக நிற்க, ஆற்றங்கரையில் அரசாங்கப் பத்திரத்தில் நாங்களே கையெழுத்திட்டுச் செய்துகொண்ட கல்யாணம், அத்தை. அட்டை போனால் மாத்திரை போகும், அட்டை இருந்தால் புருஷன் வெளியே. சேர்த்துப் போடுவதா, பிரித்துப் போடுவதா? வரிக்குக் கடைசி நாளான ஏப்ரல் பதினைந்துக்குள் சொல்லிவிடுங்கள்.

உங்கள் ஆசி எங்கள் இரண்டு கூரைக்கும் சேரட்டும்.

அன்புடன்,
கேட்லின்

பி.கு.: உறையை ஒட்டப்போகையில் ஜேரட் மணி அடித்தான். ஹீட்டர் கையேட்டைத் தேடியதில், வண்டியின் கரண்டி இழுப்பறையில் ஒரு கவர் கிடைத்ததாம். தபால்தலை ஒட்டி, முகவரி எழுதி, கல்யாணமான பத்து நாளுக்குள் கவுண்டிப் பதிவு அலுவலகம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய எங்கள் கல்யாணப் பத்திரம். நம் நான்கு பேர் கையெழுத்தும் பளிச்சென்று இருக்கிறது. "அப்ப நாம..." என்று இழுத்தான். ஆகவே மேலே கேட்டதையெல்லாம் விட்டுவிடுங்கள். சாட்சி நீங்கள்தானே, இதை மட்டும் சொல்லுங்கள்: எங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? பதில் வரும்வரை அவன் உள்ளேதான் தூங்குவான். கல்யாணமே ஆகாதவர்கள் பிரிந்திருக்க வேண்டும் என்று எந்தப் படிவத்திலும் போட்டிருக்கவில்லை.