செகண்டு அண்ணன் ஒப்புக்கொண்ட சாதனை

உலகத்தில் யார் எந்தச் சாதனையை முறியடித்தாலும், அது செல்லுமா செல்லாதா என்று கடைசித் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் ஆலை ஒன்றின் மொட்டை மாடியில் இருந்தது. அந்த அதிகாரியின் பெயர் செகண்டு அண்ணன். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதை எழுதியவன் நான்தான், எனக்கே மறந்துவிட்டது.

காலை ஆறு மணிக்கும் பகல் இரண்டு மணிக்கும் ஷிப்டு மாற, சங்கு ஊதுவது அவர் வேலை. இருபத்தோரு வருடத்தில் ஒரு செகண்டு பிசகியதில்லை. எதிர் டீக்கடையில் போண்டா எண்ணெயில் விழுவதும், பெரம்பலூர் மினி பஸ் கிளம்புவதும் அந்தச் சங்குக்குத்தான். ஓய்வு பெற இன்னும் நான்கே மாதம். "பிசகாம எறங்கிடணும் தம்பி. அதான் எனக்கு மெடலு" என்பார்.

நான் கீழே டைம் ஆபீஸ் குமாஸ்தா. ஊரார் நேரத்தைக் குறிப்பவன், தினமும் லேட். கேட்டில் நுழையும்போதே மாடியிலிருந்து குரல் வரும்: "ஏழு நிமிசம் பதினாலு செகண்டு. நேத்தைக்கு இன்னிக்கு பரவால்ல. ஃபார்முக்கு வந்துட்டீங்க."

அவர் கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். டீ ஆறும் நேரம், லாரி எடைமேடை ஏறி இறங்கும் நேரம், மேனேஜர் திட்டும் நேரம், எல்லாவற்றையும் அளப்பார். "உங்கள நாலு நிமிசம் திட்டுனாரு. வெல்டர ஆறு நிமிசம். ரெக்கார்டு இன்னும் அவன்கிட்டதான்."

ஒலிம்பிக், ஆசியப் போட்டி என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். போன் திரையில் துப்பாக்கி வெடித்ததும் பொத்தானை அமுக்குவார். அவர் வாட்ச்சோடு ஒத்துப்போனால்தான் சாதனை. ஒருமுறை நூறு மீட்டரில் தங்கம் வாங்கியவனையே நிராகரித்துவிட்டார். டீக்கடையில் அப்பீல் செய்து பார்த்தோம், எடுபடவில்லை.

அது ஓர் ஆசியப் போட்டி. எந்த வருடம் என்று கேட்காதீர்கள், சொன்னால் எனக்கு இன்னொரு மெமோ வரும். தடைகளையும் தண்ணீர்க் குழியையும் தாண்டி ஓடும் பெண்கள் ஓட்டம். நம் நாட்டுப் பெண் ஒருத்தி தேசிய சாதனையை உடைப்பாள் என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய ஓட்டம். மழையோ என்னவோ, ஆரம்பிக்கும்போதே மணி ஒன்று ஐம்பத்தொன்று. ஓடி முடிக்க ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஆகும்.

ஓட்டம் பார்க்க நானும் மாடி ஏறியிருந்தேன். சங்கு ரூம் தகரக் கொட்டகை. உள்ளே சிக்னல் வராது. வெளியே நின்றால் சுவிட்ச் எட்டாது.

"தம்பி, நீங்க உள்ள போயி சுவிட்ச்சுல கை வச்சு நில்லுங்க. நான் வெளிய நின்னு கையத் தூக்குவேன். கை எறங்குனதும் அமுத்துங்க."

"உள்ளதான் கடிகாரம் இருக்கேண்ணே. அதப் பாத்தே அமுத்திடறேன்."

"அது மேனேஜர் வாங்குன கடிகாரம். என் கைக்கடிகாரந்தான் கணக்கு. என் கை எறங்காம சுவிட்ச்சத் தொட்டீங்க, அப்பறம் உங்களுக்கு டைம் பாக்கவே மாட்டேன்."

அதைவிடப் பெரிய தண்டனை எனக்குக் கிடையாது. உள்ளே போனேன்.

ஜன்னல் வழியே அவர் தெரிந்தார். கைப்பிடிச் சுவரில் போன். வலது கட்டைவிரல் ஸ்டாப்வாட்ச்சில். இரண்டு மணிக்கு அரை நிமிடம் இருக்கும்போது இடது கை மேலே போனது. கீழே கேட்டில் இரண்டு ஷிப்டு ஆட்களும் காத்து நின்றார்கள். மினி பஸ் உறுமியது. மூன்று, இரண்டு, ஒன்று.

கை இறங்கவில்லை.

எனக்கு வியர்த்தது. ஐந்து செகண்டு தாண்டியது. "அண்ணே" என்று கத்தினேன். ஆலை இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. பத்து. இப்போது அமுக்கினால் மானம் பாதியாவது மிஞ்சும். ஆனால் மேனேஜர் கடிகாரம்தான் தப்பு என்றால்? வாழ்நாளில் எதையும் நேரத்துக்குச் செய்யாதவன் கையிலா இந்தப் பொறுப்பு? பதினைந்து. அவர் குதிகாலை உயர்த்தினார். கடைசித் தடையைத் தானே தாண்டுவதுபோல ஒரு கால் எழும்பியது. இருபது. தூக்கிய கை தூக்கியபடியே நின்றது.

இறங்கியது. அமுக்கினேன்.

சங்கு ஓய்ந்து வெளியே வந்தால், அவர் போனையும் ஸ்டாப்வாட்ச்சையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெடலாண்ணே?"

"நாலாவது. ஆனா நேசனல் ரெக்கார்டுங்கறான் டிவிக்காரன். என் வாட்ச்சுல அரை செகண்டு கூட வருது. ஒத்துக்க முடியாது."

"அண்ணே, சங்கு..."

அப்போதுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகம் ஆலைத் தூசியைவிட வெளுத்தது. உள்ளே சங்கு ரூம் போன் அடிக்கத் தொடங்கியது, மேனேஜராகத்தான் இருக்கும். அது அடித்து ஓய்ந்ததும் ஸ்டாப்வாட்ச்சை மறுபடி பார்த்தார்.

"ஒத்துக்கறேன் தம்பி. அந்தப் பொண்ணு டைம் சரிதான். என் கைதான் நடுங்கிடுச்சு."

கீழே வந்து வருகைப் பதிவேட்டில், சங்கு ஊதிய நேரம் இரண்டு மணி என்று எழுதினேன். அதில் நான் எழுதிய முதல் பொய் அல்ல அது. அண்ணன் என் பேனாவை வாங்கி அதை அடித்தார். 'இருபத்துமூன்று செகண்டு தாமதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"எதுக்குண்ணே? யாருக்குத் தெரியப் போவுது?"

"அந்தப் பொண்ணு அவ்ளோ தூரம் நெசமா ஓடியிருக்கு. நாம இங்க உக்காந்து பொய் எழுதலாமா?"

சுவிட்ச்சில் இருந்தது என் கை என்பதால் மெமோ எனக்கும் வந்தது. மேனேஜர் என்னை ஒன்பது நிமிடம் திட்டினார். வெளியே வந்ததும் அண்ணன் ஸ்டாப்வாட்ச்சைக் காட்டினார்.

"வெல்டர முந்திட்டீங்க."

அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது சங்கு தானாக ஊதுகிறது, கம்ப்யூட்டர். பிசகுவதே இல்லை. இரண்டு மணிக்கு எல்லோரும் எழுந்து போகிறார்கள். நான் மட்டும் இன்னொரு இருபத்துமூன்று செகண்டு உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.