இடைவெளியற்ற நிர்வாகம்

கடமை உணர்ச்சிக்கு உலகில் எத்தனையோ சின்னங்கள் உண்டு. அவற்றுள் தலையாயது கள்ளக்குறிச்சியில் மேற்குப் பார்த்து நிற்கும் ஓர் இரும்புக் கதவு என்பதை எதிர்காலச் சரித்திரம் ஒப்புக்கொண்டே தீரும். அதன் பின்னால் வீற்றிருந்தவர் 'மலையடிவார மேம்பாட்டுத் துறை'யின் உதவி இயக்குநர், திருவாளர் தனசேகரன். அப்படி ஒரு துறை இருப்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மலையடிவாரத்துக்கும் தெரியாது.

தனசேகரனின் உழைப்பைச் சொல்லி மாளாது. சித்திரை வெயிலில் ஊரே அனலாய்க் கொதிக்கும்போது மற்ற அதிகாரிகள் மின்விசிறிக்கு அடியில் சொகுசாக வியர்த்துக்கொண்டிருப்பார்கள். இவரோ சாப்பிட்ட கையோடு ஜீப்பில் ஏறி, கல்வராயன் மலைக்குக் 'கள ஆய்வு'க்குக் கிளம்பிவிடுவார். வெள்ளிமலையில் விருந்தினர் மாளிகை வராந்தாவில் சாய்வு நாற்காலியைப் போட்டு, மலையில் காற்று வருகிறதா என்று பொழுது சாயும்வரை ஆராய்வார். வரும். இருந்தாலும் மறுநாளும் போய் உறுதி செய்துகொள்வார்.

அலுவலகத்துக்குப் புதுக் கதவு வந்த அன்று, கதவுக்கும் நிலைக்கும் நடுவே நூல் அளவு இடைவெளி இருப்பதைக் கண்டார். அவருடைய நேர்மை துடித்துப்போயிற்று. ஒப்பந்தக்காரர் பகலவனைக் கூப்பிட்டார்.

“இன்னாய்யா இது சந்து?”

“வெயிலுக்கு இரும்பு கொஞ்சம் ஊதுங்க சார். அதுக்குன்னு வுடறது.”

“எனக்கே பாடம் நடத்துறியா? நான் பி.எஸ்சி. பிசிக்ஸ்யா! இரும்புல மிச்சம் புடிச்சு வூட்டுக்கு எடுத்துக்கினு போய்ட்டு, வெயில் மேல பழி போடறியா? அடைச்சுடு.”

பகலவனுக்கு என்ன வந்தது? சுற்றிலும் பட்டை வைத்து வெல்டிங் அடித்து, அதற்குத் தனியாக ஒரு பில்லும் போட்டுவிட்டுப் போனார். காலை வேளையில் சோதித்தபோது ஒரு தாள்கூட உள்ளே நுழையவில்லை. 'இடைவெளியற்ற நிர்வாகம்' என்று கதவின் மேலேயே எழுதச் சொன்னார் தனசேகரன்.

அவர் உண்மையாகவே இயற்பியல் பட்டதாரிதான். ரயில் தண்டவாளத்தில் ஏன் சந்து விடுகிறார்கள், கோடையில் மின்கம்பி ஏன் தொய்கிறது என்ற கேள்விகளுக்கு முழு மதிப்பெண் வாங்கியவர். கேள்வித்தாளில் கதவைப் பற்றி மட்டும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டுக்குப் பின், ஏ.சி. குளிர் வீணாகக் கூடாதே என்ற சிக்கன உணர்வோடு கதவைச் சாத்திவிட்டுச் சற்றுக் கண் அயர்ந்தார். மின்சாரம் போனதும் விழித்தார். வெளியே ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. வெள்ளிமலையில் நாட்டுக்கோழிக் குழம்பு காத்திருந்தது. கைப்பிடியை இழுத்தார். கதவு அசையவில்லை. காலை ஊன்றி இழுத்தார். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது.

சன்னல் கம்பிக்கு வெளியே, புங்கமரத்தடியில் மனுவோடு உட்கார்ந்திருந்த கூட்டம் எழுந்து வந்தது. முன்னால் நின்றவள் செலினா. கச்சிராயபாளையம் பக்கத்தில் கரும்பு வெட்டிப் பிழைப்பவள். மகளை விடுதியில் சேர்க்க இந்தத் துறையின் கையெழுத்து வேண்டும். ஐந்து மணிக்குள் பள்ளியில் கொடுக்காவிட்டால் இடம் போய்விடும்.

“சார், இன்னிக்குத்தான் கடைசிங்க. இத்த வுட்டா எம் பொண்ணும் கத்தி எடுத்துக்கினு கரும்புக் கொல்லைக்குத்தாங்க வரணும்.”

“பாத்தா தெரியல? நான் கள ஆய்வுல இருக்கேன்” என்றார் தனசேகரன், கம்பியைப் பிடித்துக்கொண்டு.

அலுவலக உதவியாளர் சுபாஷ் சமயோசிதமானவன். “ஊறுகா பாட்டில் மூடி இறுகிக்கினா எங்க வூட்ல சுடுதண்ணிதாங்க சார் ஊத்துவாங்க” என்று டீக்கடைக்கு ஓடி, கொதிக்கக் கொதிக்க ஒரு குண்டான் தண்ணீர் கொண்டுவந்து கதவில் ஊற்றினான். கதவு இன்னும் பூரித்தது.

“யோவ், மூடி வெளிய இருக்கும், பாட்டில் உள்ள இருக்கும்! இங்க கதவுதான்யா உள்ள இருக்கு!”

“நீங்கதாங்க சார் உள்ள கீறீங்க. கதவு வெளியதான் கீது.”

தனசேகரனுக்குப் பட்டப்படிப்பு முழுவதும் ஒரே நொடியில் நினைவுக்கு வந்தது. “ஐஸ் கொண்டாடா! கதவு சுருங்கும்!”

ஜூஸ் கடையிலிருந்து சைக்கிளில் ஐஸ் பார் வந்து சேர்ந்தது. அதிகாரிக்கு ஐஸ் வைத்துப் பழகிய ஊர், கதவுக்கு வைக்கப்போவதை வேடிக்கை பார்க்கத் திரண்டது. ஆனால் சைக்கிளுக்கும் கதவுக்கும் நடுவே செலினா வந்து நின்றாள்.

“ஐஸ் வெக்கலாங்க சார். மொதல்ல இதுல ஒரு கையெழுத்து.”

“மெரட்டுறியா?”

“நான் இன்னாத்துக்குங்க மெரட்டறேன்? ஐஸ்தான் கரைஞ்சுக்கினு கீது.”

தனசேகரன் ஐஸைப் பார்த்தார். சொட்டுச் சொட்டாக அவருடைய கோழிக் குழம்பு வடிந்துகொண்டிருந்தது. கம்பி வழியாகத் தாளை வாங்கினார். மாதக்கணக்கில் 'பரிசீலனையில்' கிடந்த விஷயம், மூக்கைச் சொறியும் நேரத்தில் முடிந்தது. செலினா தாளை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். ஐந்து மணி அடிக்கும் முன் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நமக்கும் நிம்மதி வேண்டுமல்லவா?

“சார், என்னுதும்!” “சார், இதுவும்!” சன்னலில் கைகள் முளைத்தன. கடைசித் தாளுக்கு வருவதற்குள் ஐஸ் தண்ணீராகி ஓடிவிட்டது. பொழுது சாய்ந்து வெயில் தணிந்தபின், யாரும் தொடாமலே கதவு இளகியது. துறை தோன்றிய நாள்முதலாக அன்றுதான் மேசை காலியாக இருந்தது.

மறுநாள் காலை தனசேகரன் நேரே காவல் நிலையம் போனார். அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாகப் புகார். முதல் எதிரி கதவு, இரண்டாம் எதிரி செலினா. தலைமைக் காவலர் கோகிலவாணி பேனாவைத் திறந்தார்.

“நேத்து மத்தியானத்துலேருந்து இன்னாங்க சார் பண்ணீங்க?”

“பண்றது என்ன? வந்த மனு அத்தனையும் படிச்சுக் கையெழுத்துப் போட்டேன். ஒண்ணு பாக்கி இல்ல.”

கோகிலவாணி அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

“அப்போ நின்னுபோனது எந்த வேலைங்க சார்?”