ஜன்னலோரக் கட்டில்

"எங்க தாத்தா படுத்திருந்த கட்டில் எதும்மா?" என்று காண்டிடோ கேட்டபோது, தெரியாது என்று நெக்கானே சொல்லியிருக்க வேண்டும்.

அமெரிக்காவில், பாய்சி நகரத்து குரோவ் தெருவில் இருந்த அந்தப் பழைய விடுதியைச் செவ்வாய்க்கிழமைகளில் சுற்றிக்காட்டுவது அவள் வேலை. மற்ற நாட்களில் ஒரு பல் மருத்துவருக்கு உதவியாளர். "வலிக்காது, வலிக்காது" என்று சொல்லிச் சொல்லி வாய் பழகியவள்.

ஸ்பெயினிலிருந்து ஆடு மேய்க்க வந்த பாஸ்க் இன ஆட்கள் பனிக்காலத்தில் தங்கிய வீடு அது. நூற்றுக்கணக்கான பேர் வந்து போனார்கள். யார் எதில் படுத்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இந்த மனிதரோ எழுபத்தாறு வயதில் கடல் தாண்டி, ஸ்பெயினின் லெக்கெய்த்தியோ ஊரிலிருந்து மனைவியோடு வந்திருக்கிறார். தாத்தா கசிமிரோவின் படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"அதோ, ஜன்னலோரத்துல இருக்கே, அதுதான் ஐயா."

காண்டிடோ கட்டிலின் இரும்புக் கம்பியை முத்தமிட்டார். பிறகு தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை பார்த்தார்.

"தாத்தா ஆறடி ஆளாச்சே. இதுல எப்படிப் படுத்தாரு?"

"காலை முடக்கிக்கிட்டுத்தான் படுப்பாராம்."

அவர் கண் கலங்கிவிட்டது. ஊர் திரும்பிய பிறகு தாத்தா கடைசிவரை கூன் போட்டுத்தான் நடந்தாராம். ஏன் என்று இப்போதுதான் புரிகிறது என்றார்.

இதற்கு மேல் இந்த அறையில் நின்றால் ஆபத்து என்று, நெக்கானே அவர்களை மாடியிலிருந்து இறக்கிப் பின்பக்கத்துப் பந்தாட்டக் கூடத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே போயும் வாய் சும்மா இருக்கவில்லை. கசிமிரோ இடது கையால் சுவரில் பந்தடித்தால் எதிராளி நின்ற இடத்திலேயே நிற்பான் என்று சொல்லிவைத்தாள்.

காண்டிடோ சற்று யோசித்தார். "இடது கையில அவருக்கு மூணு விரல் கிடையாதே."

"அதனாலதான் ஐயா, பந்து எந்தப் பக்கம் போகும்னு ஒருத்தனுக்கும் தெரியாது."

அவர் மனைவி கார்பின்யே சுவரில் மாட்டியிருந்த படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காண்டிடோ உடனே மகளைக் கைபேசியில் அழைத்தார். கட்டில், கூன், மூன்று விரல் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். ஐந்தே நிமிடத்தில் குடும்பம் முடிவெடுத்தது: கட்டிலில் தாத்தா பெயர் பொறித்த பித்தளைத் தகடு பதிக்க வேண்டும், திறப்பு விழாவுக்கு இருபத்திரண்டு பேர் விமானம் ஏறுவார்கள்.

அதெல்லாம் இந்த விடுதியைப் பராமரிக்கும் எங்கள் தலைவர் சோமின்தான் முடிவு செய்ய வேண்டும், அவர் மலைக்குப் போயிருக்கிறார், வர ஒரு மாதமாகும் என்றாள் நெக்கானே. சொல்லி முடிக்கவில்லை, பக்கத்துச் சமையலறையிலிருந்து சோமினின் இருமல் கேட்டது.

"வந்துட்டாரு போலிருக்கே. கூப்பிடும்மா," என்றார் காண்டிடோ சந்தோஷமாக.

அந்தக் கட்டிலைப் பத்து வருஷத்துக்கு முன்னால், மூடிப்போன ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து தன் லாரியில் ஏற்றிவந்ததே சோமின்தான். பொய் சொல்லவே தெரியாத மனிதர். அவர் காதில் விழுந்தால் இந்தச் செவ்வாய்தான் அவளுக்குக் கடைசிச் செவ்வாய். அது போகட்டும், இந்தக் கிழவரின் முகத்தை அப்புறம் எப்படிப் பார்ப்பது?

அவள் தயங்கி நின்ற நேரத்தில் காண்டிடோ மாடிக்கே திரும்பிப் போய்விட்டார். பின்னாலேயே ஓடினாள். தொடக்கூடாது என்ற பலகைக்கு அடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஜன்னலோரக் கட்டிலில், தாத்தா மாதிரியே காலை முடக்கிப் படுத்திருந்தார். கண் மூடியிருந்தது. தூங்கியே போய்விட்டார்.

படியில் சோமினின் காலடி ஏறி வந்துகொண்டிருந்தது.

நெக்கானே தாங்க முடியாமல் கார்பின்யேவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "அம்மா, என்னை மன்னிச்சிருங்க. இது ஆஸ்பத்திரிக் கட்டில். உங்க வீட்டுத் தாத்தாவைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது. அவரு ஆசையா கேட்டாரு, சொல்லிட்டேன்."

கார்பின்யே தூங்கும் கணவரின் மேல் போர்வையை இழுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"சத்தமா பேசாதேம்மா, முழிச்சுக்கப் போறாரு. இவரு தாத்தா போனது அர்ஜென்டினாவுக்கு; அமெரிக்கா பாக்கணும்னு ஆசைப்பட்டது நான்."