நெய் சுமந்து போனவர்

'தெரியாது' என்று சொல்ல நான் முப்பது வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டேன். அதற்கு முன்னால், எழுபதுகளின் கடைசியில், சரோஜா அக்காவை வெயிலில் ஆற்றங்கரையெல்லாம் நடக்கவைத்த பாவம் என்னைத்தான் சேரும்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் பழைய போட்டோ ஒன்று இருந்தது. ஆற்றோரம் ஓர் ஆலை, புகைபோக்கி, முன்னால் வரிசையாக ஆட்கள். அக்கா சிறுமியாக இருந்தபோது வெளியூர் வேலைக்குப் போன அப்பா, 'இதில் நானும் இருக்கிறேன்' என்று எழுதி அனுப்பிய படம். பிறகு அவர் இறந்த சேதிதான் வந்தது. கடிதங்களைக் கரையான் தின்றுவிட்டது. வரிசையில் எத்தனை தேடியும் அவர் முகம் இல்லை.

"அவர் இருந்த இடத்தையாவது ஒரு தடவ பாத்துடணும்டா தம்பி" என்றார் அக்கா.

ஆலைக்குப் பின்னால் கறுப்பாக ஒரு மலை. (எங்கள் ஊர்க்காரன் கண்ணுக்கு உலகத்தில் ஒரே மலைதான்.) பௌர்ணமி தவறாமல் கிரிவலம் வந்தவன் அல்லவா, அடித்துச் சொன்னேன்: "நம்ம மலைதாங்கக்கா! தெக்குப் பக்கம். தென்பெண்ணைக் கரையில நின்னு எடுத்திருக்கான்."

உச்சியருகே எறும்பளவில் ஒரு ஆள், தலையில் சுமையோடு ஏறிக்கொண்டிருந்தான். "தீபத்துக்கு நெய் எடுத்துனு போறாரு" என்று விளக்கம் வேறு. தெருவே படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மலை தெரிகிற தூரத்தில் வேலை பார்த்தவர் வீட்டுக்கு வராமல் எதற்குத் தபாலில் படம் அனுப்பினார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

புளிசோறும், அப்பாவுக்குப் படைக்க ஒரு முழம் பூவுமாக அக்கா பஸ் ஏறினார். மதியம்வரை நடந்தோம். ஆலை இல்லை, புகைபோக்கி இல்லை, ஆற்றில் தண்ணீரே இல்லை. கடைசியில் ஆடு மேய்த்த ஒரு அம்மாவிடம் படத்தை நீட்டினேன்.

"இன்னாப்பா, இதைப் போயி மலைன்ற? கரியக் கொட்டி வெச்சிருக்கான். மலையா இருந்தா அதும்மேல ஆளு இவ்ளோ பெருசாவா தெரிவான்? கூடை தூக்கினு ஏறுறான் பாரு!"

மணலுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. அக்கா படத்தைப் பிடுங்கிக் கண்ணருகே வைத்துக்கொண்டார்.

"கரி அள்ற வேலைன்னு எங்கம்மா சொல்லும்... முண்டாசு ஒரு பக்கமா தொங்குது பாரு. எங்கப்பா இப்டிதான் கட்டுவாரு. இத்தினி வருசமா வரிசையிலயே தேடினு இருந்தேனேடா!"

அழுதார். அழுதுகொண்டே "நெய்யாம், நெய்யி!" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்துச் சிரித்தார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அது எந்த ஊர் ஆலை என்று இன்றுவரை தெரியாது. ஆனால் மலையில் தீபம் ஏற்றியதும் அக்கா வீட்டில் பொரி உருண்டைக்குக் கை நீட்டினால், இப்போதும் தட்டிவிடுவார்.

"இருடா. நெய் எடுத்துனு போறவருக்கு மொதல்ல."